கட்டடம் கட்டுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர்

வியாபாரிகள் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் டொலர் விலையையும் சுங்கத் தீர்வையையும் பற்றித்தான் பேச்சு வரும். 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பேச்சில் கரண்ட் பில்லும் சேர்ந்துகொண்டது. கடை வாடகை எவ்வளவு என்று கேட்கிறவர் அடுத்த மூச்சில் "கரண்ட் எவ்வளவு வருது?" என்று கேட்கிறார். சில இடங்களில் இரண்டாவது தொகை முதல் தொகையை நெருங்கிவிட்டது.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். ஒன்பது வருடங்களாக உயர்த்தப்படாமல் இருந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்ட் மாதம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், இன்னும் 66 சதவீதம் உயர்ந்தது. கணக்குப் பார்த்தால் 100 ரூபா பில் சராசரியாக 290 ரூபா ஆனது. அதன் பிறகு சில தடவைகள் குறைத்தார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது. அதே வருடம் ஜூன் மாதம் மீண்டும் 15 சதவீதம் கூடியது. ஆக, மின்கட்டணம் என்பது இனிமேல் ஏறியும் இறங்கியும் போகிற ஒன்று. நம் கையில் இல்லாத விலை அது. நம் கையில் இருப்பது எத்தனை அலகு எரிக்கிறோம் என்பது மாத்திரமே.

அந்த அலகாவது முழுவதும் நம் கையில் இருக்கிறதா என்பதுதான் இந்த வாரம் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

சுவிட்சை அணைத்தால் போதுமா?

மின்சாரச் சிக்கனம் என்றவுடன் நமக்குச் சொல்லப்படும் புத்திமதி ஒன்றுதான்: தேவையில்லாத மின்குமிழை அணையுங்கள். நல்ல புத்திமதி. வீண்விரயம் கூடாது என்பது ஒரு முஸ்லிமுக்குப் புதிய பாடமும் அல்ல. ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்ற வழிகாட்டலில் வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் ஒரு கடையை எடுத்துப் பாருங்கள். மேற்குப் பக்கம் பார்த்த முகப்பு. மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. மேல்மாடிக்கு மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே சீலிங் இல்லை. பின்பக்கம் அடுத்த கட்டடத்தோடு ஒட்டிய சுவர். ஒரு ஜன்னல் கூடக் கிடையாது. பகல் 12 மணிக்கும் விளக்குப் போட்டால்தான் துணியின் நிறம் தெரியும். பிற்பகல் 3 மணிக்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே காசாளர் மேசையில் விழும். அந்தக் கடையில் இரண்டு ஏ.சி. ஓடியும் வாடிக்கையாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறார்.

அந்தக் கடைக்காரர் எந்தச் சுவிட்சை அணைப்பார்? விளக்கை அணைத்தால் கடை இருட்டு. ஏ.சி.யை அணைத்தால் கடை அடுப்பு. அவருடைய பில் அவர் கடை திறந்த நாளில் தொடங்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பிளான் வரைந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

நம்முடைய நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. வெயில் பெரும்பகுதி நேரம் தலைக்கு மேலே நிற்கிறது. ஆகவே கட்டடத்துக்குள் சூடு இறங்கும் பெரிய வழி கூரைதான். அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்களும் கண்ணாடிகளும். வடக்கும் தெற்கும் அவ்வளவு சிரமம் தருவதில்லை. இதை நம் முன்னோர் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். காலிக் கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள்: ஓட்டுக் கூரை, உயரமான முகடு, தெருப்பக்கம் விறாந்தை, நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே போகும், புதுக் காற்று உள்ளே வரும். கரண்ட் வருவதற்கு முன்பு கட்டிய வீடு கரண்ட் இல்லாமலே வாழக்கூடியதாக இருந்தது. இன்றைய பஸார்க் கட்டடம் கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் ஆள் இருக்க முடியாததாக இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது இந்த வித்தியாசத்தை நாமெல்லாம் அனுபவித்தோம்.

மணிக்கூட்டைத் திருப்பிய காலம்

மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. என் வயதுக்காரர்களுக்கு 1996ஆம் ஆண்டு ஞாபகம் இருக்கும். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிய வருடம். மே மாதம் 25ஆம் திகதி முழு நாட்டின் மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். பள்ளிவாசல்களில் தொழுகை நேர அட்டவணைகளை மாற்ற வேண்டியிருந்தது, "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் களைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். பத்து வருடம் ஒரு நாடே மணிக்கூட்டை மாற்றி வைத்திருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பத்து வருடத்தில் இந்த நாட்டில் எத்தனை கடைகள், காரியாலயங்கள், மண்டபங்கள் கட்டப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கூட்டைத் திரும்ப மாற்றலாம். மேற்கே கண்ணாடி வைத்துக் கட்டிய கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியாது. அது ஐம்பது வருடம் அப்படியே நின்று, அதில் குடியிருக்கும் ஒவ்வொரு வியாபாரியிடமும் மாதாமாதம் வசூலிக்கும்.

சட்டம் இருக்கிறது, மேசையில் இல்லை

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 1985இல் எரிசக்திச் சேமிப்பு நிதியம் என்று ஒன்று அமைத்தார்கள். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதன் இடத்துக்கு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை வந்தது. அந்த அதிகாரசபை 2008இல் கட்டடங்களுக்கான எரிசக்திச் செயல்திறன் விதிக்கோவை ஒன்றை வெளியிட்டது. கட்டடத்தின் வெளிப்புறம், அதாவது சுவர், கூரை, கண்ணாடி, காற்றோட்டமும் குளிரூட்டலும், விளக்கு, மின்சாரப் பகிர்வு, வெந்நீர் என்று பிரித்து, எது எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பிறகு அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

யாருக்கு அந்த விதி? 2008ஆம் ஆண்டுக் கோவை பிடித்த எல்லை இது: நான்கு மாடி அல்லது அதற்கு மேல், அல்லது 500 சதுர மீற்றர் தளப்பரப்பு, அல்லது 100 கே.வி.ஏ. மின்தேவை, அல்லது 350 கிலோவாட் குளிரூட்டல். இவற்றில் ஒன்றாவது இருந்தால் அந்தக் கட்டடம் விதிக்குள் வரும்.

நம்முடைய கடைகளை இந்த எல்லையில் வைத்துப் பாருங்கள். 20 அடி அகலம், 60 அடி நீளம், இரண்டு மாடி. மொத்தம் 2,400 சதுர அடி. 500 சதுர மீற்றர் என்றால் ஏறக்குறைய 5,380 சதுர அடி. அக்குறணையிலும் மாவனல்லையிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் தெருவோரம் நிற்கும் இந்த அளவுக் கடைகள் எல்லாம் கோட்டுக்கு வெளியே. பெரிய ஹோட்டலுக்கும் வங்கித் தலைமையகத்துக்கும் விதி இருக்கிறது. அவர்களிடம் அதைப் பார்க்க எஞ்சினியரும் இருக்கிறார். எஞ்சினியர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன வியாபாரிக்கு விதியும் இல்லை, ஆலோசனையும் இல்லை.

நான் பழகிய ஊர்களில் பிளான் பாஸ் பண்ணும்போது கேட்கப்பட்ட கேள்விகள் எனக்குத் தெரியும். வீதியிலிருந்து எத்தனை அடி? மலசலகூடக் குழி எங்கே? வாகனம் நிறுத்த இடம் உண்டா? எல்லாம் அவசியமான கேள்விகள். வெயில் எந்தப் பக்கம், கூரைக்குக் கீழே என்ன போடுகிறீர்கள், காற்று எங்கால் வந்து எங்கால் போகும் என்று ஒருவரும் கேட்டு நான் கண்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் காசு செலவழித்துப் பதில் தயாரிக்க மாட்டார்கள்.

கேட்டால் செய்வார்கள் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2008இல் துல்ஹிரியவில் மாஸ் நிறுவனம் "துருலிய" என்ற ஆடைத் தொழிற்சாலையைத் திறந்தது. அதே வருடம் சீதுவையில் பிராண்டிக்ஸ் தன் தொழிற்சாலையைத் திருத்தி அமைத்தது. இரண்டும் அமெரிக்காவின் "லீட்" என்ற பசுமைக் கட்டடத் தரப்படுத்தலில் ஆக உயர்ந்த பிளாட்டினம் தரத்தைப் பெற்றன. துருலியவில் வழமையான ஏ.சி.க்குப் பதிலாக நீராவியாதல் மூலம் காற்றைக் குளிராக்கும் முறையை வைத்தார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வரக் கட்டினார்கள். இந்த அக்கறை எங்கிருந்து வந்தது? பிரித்தானியாவின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற வாங்குபவர் அப்படியொரு தொழிற்சாலையை விரும்பினார். வாங்குபவர் கேட்டார், விற்பவர் செய்தார். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

வாடகைக் கடையின் வில்லங்கம்

இனி நம் பஸாரின் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். நம்மில் எத்தனை பேர் சொந்தக் கட்டடத்தில் வியாபாரம் செய்கிறோம்? புறக்கோட்டையிலிருந்து ஊர்ச் சந்தி வரைக்கும் பெரும்பாலும் வாடகை, இல்லாவிட்டால் கீ மணி கொடுத்து எடுத்த கடை.

கட்டடச் சொந்தக்காரர் கூரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் விரிப்புப் போட்டால் காசு போவது அவருக்கு; மிச்சம் வருவது வாடகைக்கு இருப்பவருக்கு. ஆகவே அவர் போட மாட்டார். வாடகைக்காரர் தன் காசில் போடலாம் என்றால், இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கூரையைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா? ஆகவே அவரும் போட மாட்டார். "ஹாஜியார், மேலே ஒரு சீலிங் அடிச்சுத் தாங்களேன்" என்று கேட்டால், "கரண்ட் பில் உங்கட பாடு தம்பி, எனக்கு வாடகை வந்தாப் போதும்" என்று பதில் வரும். ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. அவருடைய கணக்கில் அது சரி. இரண்டு பேருடைய கணக்கும் சரியாக இருந்து, மொத்தத்தில் இருவரும் ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுகிறார்கள். நடுவில் காசு கூரை வழியாகப் போகிறது.

விலையை உயர்த்தினால் மக்கள் சிக்கனமாவார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். சொந்தக் கட்டடக்காரருக்கு அது பொருந்தும். வாடகைக் கடையில் உயர்ந்த விலை போய் விழுவது, கட்டடத்தில் ஆணி அடிக்கக் கூட உரிமையில்லாத ஆளின் தலையில். ஆகவே விலை மட்டும் ஒரு கொள்கையாக முடியாது. சொந்தக்காரரைத் தொடும் விதியும் வேண்டும்.

இதற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரு வழி கண்டன. அங்கே கட்டடங்களுக்கு ஏ முதல் ஜீ வரை எரிசக்தித் தரச் சான்றிதழ் உண்டு. 2018 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, ஈ தரத்துக்குக் கீழே உள்ள கட்டடத்தைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது என்று விதித்தார்கள்; விதிவிலக்குகள் சில உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து கடை, காரியாலயம் போன்ற வர்த்தகக் கட்டடங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாடகை ஒப்பந்தங்களுக்கும் அது வந்துவிட்டது. வாடகை வாங்க வேண்டும் என்றால் கட்டடத்தைத் திருத்து என்பதுதான் சாரம். அந்தக் குளிர் நாட்டின் அளவுகோல் நமக்கு உதவாது. ஆனால் வாடகைக்கு எடுக்கிறவர் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கட்டடத்தின் கரண்ட் குணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கும் வேண்டியதுதான். ஒரு லொறி வாங்கும்போது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறோம். கடை எடுக்கும்போது ஏன் கேட்பதில்லை?

நாம் விற்கும் சாமானும் ஒரு கொள்கை

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மாத்திரமல்ல. உள்ளே ஓடும் சாதனங்களும்தான். இந்தச் சாதனங்களை இறக்குமதி செய்பவர்களிலும் விற்பவர்களிலும் நம் சமூகத்தவர் நிறையப் பேர். ஆகவே இந்தப் பகுதி நமக்கு இரட்டிப்புப் பொறுப்பு.

ஜப்பான் 1998இல் தன் சட்டத்தைத் திருத்தி "டொப் ரன்னர்" என்ற முறையைக் கொண்டுவந்தது. சந்தையில் இப்போது ஆகக் குறைவாக மின்சாரம் எடுக்கும் ஏ.சி. எதுவோ, அதையே அளவுகோலாக வைத்து, குறித்த வருடத்துக்குள் மற்ற எல்லா உற்பத்தியாளரும் அந்த மட்டத்துக்கு வர வேண்டும் என்பார்கள். நல்ல சரக்கு கொண்டுவந்தவனுக்கு அது சந்தை; மட்டமான சரக்கு கொண்டுவந்தவனுக்கு அது நெருக்கடி. 2013இல் கட்டட வெப்பத்தடுப்புப் பொருட்களுக்கும் அந்த முறையை விரித்தார்கள்.

இந்தியா 2006இல் நட்சத்திர முத்திரையைத் தொடங்கியது. 2020 ஜனவரி முதல் அங்கே விற்கப்படும் முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 பாகையில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும். வேண்டுமானால் ஆள் குறைத்துக்கொள்ளலாம், யாரையும் தடுக்கவில்லை. ஒரு பாகை கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அந்த நாட்டு எரிசக்திச் செயல்திறன் பணியகத்தின் கணக்கு. எல்.இ.டி. குமிழிலும் அவர்கள் செய்தது நம் வியாபார மூளைக்குப் பிடிக்கும். அரசாங்க நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் மொத்தமாகக் கேள்வி கோரியது. 2014இல் ஒரு குமிழுக்கு இந்திய ரூபா 310 ஆக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாவுக்கு வந்தது. மானியம் கொடுத்து வந்த விலை அல்ல. மொத்தக் கொள்வனவின் பலம்.

நம் நாட்டிலும் சி.எஃப்.எல். குமிழ்களுக்கு நட்சத்திர முத்திரை வந்தது நினைவிருக்கும். நட்சத்திரம் கூடினால் சிக்கனம் கூடும் என்று சாதாரண மக்களுக்குப் பழகியது அந்தக் குமிழ்ப் பெட்டியில்தான். அதை மற்றச் சாதனங்களுக்கும் விரிப்பதை நாம் எதிர்க்கக் கூடாது. முத்திரை இல்லாத சந்தையில் நேர்மையான வியாபாரிதான் நட்டப்படுகிறான். 18 வாட் என்று அச்சடித்துக் கூடுதலாக எரிக்கும் சரக்கும், உண்மையான 18 வாட் சரக்கும் ஒரே தட்டில் கிடந்தால் வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்யாதே என்பது தராசுக்கு மாத்திரம் சொல்லப்பட்டதல்ல. பெட்டியில் அடித்திருக்கும் வாட்டும் ஒரு அளவைதான்.

கடைக்குள் ஒரு கணக்கு

கொள்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாடகைக்காரரால் கழற்றிக்கொண்டு போகக்கூடிய மிச்சங்களும் உண்டு.

மேலே சொன்ன அளவுக் கடையில் பழைய வகை நான்கடி டியூப் விளக்கு 20 இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோக்குடன் சேர்த்து ஒன்று 50 வாட் எடுக்கும். நாளைக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள். 260 அலகு. அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் போட்டால் 104 அலகு. மிச்சம் 156 அலகு. மின்விசிறி 10, ஒன்று 75 வாட் என்றால் 195 அலகு. பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புது வகை விசிறி 30 வாட்டில் சுற்றும், 78 அலகு. மிச்சம் 117. இரண்டும் சேர்ந்து மாதம் 273 அலகு. உங்கள் பில்லில் இருக்கும் அலகு விலையால் பெருக்கிப் பாருங்கள். எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று நீங்களே சொல்வீர்கள். ஏ.சி. கடை என்றால் இன்னும் ஒரு மிச்சம் உண்டு: விளக்கு எரிக்கும் வாட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது, அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதும் ஏ.சி.யின் தலையில்தான்.

42 கே.வி.ஏ.க்கு மேல் இணைப்பு எடுத்தவர்கள் பில்லின் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். அங்கே அலகுக்கு மாத்திரமல்ல, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த ஆக உயர்ந்த கே.வி.ஏ.க்கும் தனியாகக் கட்டணம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எல்லா ஏ.சி.யையும் ஒன்றாகப் போட்டால் அந்தச் சில நிமிட உச்சம் முழு மாதத்துக்கும் விலையாகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதற்குச் செலவே இல்லை. வலுக்காரணி குறைவாக இருந்தால் கப்பாசிட்டர் பொருத்துவது பற்றி நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேளுங்கள். இவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலையும் உயர்ந்தது. தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார் போடுவதை அந்த நேரத்தில் வைக்காதீர்கள்.

கதவைத் திறந்து வைத்து ஏ.சி. போடும் வழக்கம் நம் நகரங்களில் பரவியிருக்கிறது. வாடிக்கையாளரைக் குளிர் காற்றால் அழைப்பதாக நினைப்பு. நியூயோர்க் நகரில் இப்படிச் செய்வது குற்றம்; 2008இல் பெரிய கடைகளுக்கு வந்த தடை 2015இல் ஏறக்குறைய எல்லாக் கடைகளுக்கும் விரிக்கப்பட்டது. செல்வந்த நாட்டுக்காரன் தாங்க மாட்டாத வீண்செலவை நாம் தாங்குகிறோம்.

கூரையில் சூரிய மின்கலம் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். 2016இல் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்துக்குப் பிறகு வசதியுள்ளவர்கள் பலர் போட்டார்கள். நல்லது. ஆனால் ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு ஓட்டையை அடைப்பது மலிவு. முதலில் 273 அலகைக் குறைத்துவிட்டு, மீதிக்கு எத்தனை பலகை வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். பலகையின் எண்ணிக்கை குறையும்.

அல்லாஹ்வின் வீடும் ஒரு கட்டடம்

2022, 2023 கட்டண உயர்வுகள் மத ஸ்தலங்களையும் விடவில்லை. பல பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆ வசூலில் பெரும்பகுதியைக் கரண்டுக்குக் கட்டின. நிர்வாகச் சபைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள்தான். ஆகவே இங்கே சொல்லலாம்.

சுபஹுக்கு ஒன்றரை ஸஃப் ஆள். முழு மண்டபத்திலும் விசிறி சுற்றுகிறது, ஏனென்றால் ஒரே சுவிட்சில் பத்து விசிறியை இணைத்து வயரிங் செய்திருக்கிறார்கள். ஸஃப் ஸஃபாகச் சுவிட்சைப் பிரித்து வைத்தால் முன் இரண்டு வரிசைக்கு மாத்திரம் போடலாம். புதிதாகக் கட்டும் பள்ளிவாசல்களில் உயர்ந்த முகடும் எதிரெதிர் ஜன்னலும் வைத்துக் கட்டினால் ஜும்ஆ தவிர மற்ற நேரம் ஏ.சி.யே தேவைப்படாது. ஊர்க் காசில் கட்டும் கட்டடம் அமானிதம். கட்டி முடித்த பிறகு அதை நடத்தும் செலவும் ஊர்க் காசுதான் என்பதைப் பிளான் பார்க்கும் அன்றே நினைக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

வர்த்தக சங்கங்கள் ஒவ்வொரு கட்டண உயர்வுக்கும் அறிக்கை விடுகின்றன. அந்த அறிக்கையில் "குறையுங்கள்" என்ற ஒரே கோரிக்கைதான் இருக்கிறது. குறைத்தாலும் அடுத்த முறை ஏறும். நிலையான நிவாரணம் வேண்டுமானால் வேறு சில கோரிக்கைகளையும் சேர்க்க வேண்டும்.

ஒன்று: சின்னக் கடைகளுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் எளிய விதி. கூரைக்கு வெப்பத்தடுப்பு, மேற்குக் கண்ணாடிக்கு மறைப்பு, காற்றுக்கு எதிரெதிர்த் திறப்பு, பகல் வெளிச்சம். இந்த நான்கையும் பிரதேச சபையும் மாநகர சபையும் பிளான் மேசையிலேயே பார்க்கட்டும். புதுக் கட்டடத்தில் இதற்கு ஆகும் செலவு, கட்டிய பிறகு திருத்தும் செலவோடு ஒப்பிடும்போது சொற்பம்.

இரண்டு: வர்த்தகக் கட்டடத்தை வாடகைக்கு விடுபவர், கடந்த 12 மாத மின்அலகுகளை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தரட்டும். புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. பழைய பில் போதும். நல்ல கட்டடத்துக்கு நல்ல வாடகை கிடைக்கத் தொடங்கினால் ஹாஜியார் தானாகவே சீலிங் அடிப்பார்.

மூன்று: ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி, விசிறி, மின்குமிழ் எல்லாவற்றுக்கும் நம்பக்கூடிய முத்திரை. துறைமுகத்திலும் கடையிலும் ஒரே கண்டிப்புடன் பரிசோதனை. இறக்குமதியாளருக்குத் தயாராக நியாயமான கால அவகாசம்.

நான்கு: திருத்த வேலைக்கு, மிச்சமாகும் பில் தொகையிலிருந்தே தவணை கட்டக்கூடிய முதலீட்டு வசதி. வட்டியில்லாத முறையில், சாதனத்தை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் முறாபஹா இதற்கு நன்றாகப் பொருந்தும். நம் இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் வாகனத்துக்குச் செய்வதை விசிறிக்கும் கூரைக்கும் செய்யலாம்.

இந்தக் கோரிக்கைகளை யார் வந்து நமக்காகக் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விதி என்றால் தலையிடி என்று வியாபாரிக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் சில விடயங்களில் நியாயமானது. இந்த விடயத்தில் விதி இல்லாததற்குத்தான் நாம் மாதாமாதம் அபராதம் கட்டுகிறோம்.

அடுத்த முறை உங்கள் சங்கக் கூட்டத்தில் கரண்ட் பில் பேச்சு வரும்போது, இந்த நான்கையும் எழுதிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அதற்கு முன்பு யாராவது புதுக் கடைக்குப் பிளான் கொண்டுவந்து உங்களிடம் காட்டினால், அறை எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் மேற்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கூரைக்குக் கீழே என்ன என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த இரண்டு கேள்வியும் அவருக்கு ஐம்பது வருடத்துக்குப் பரக்கத்தாக அமையும்.